தொங்கிப்போன எடைக்குண்டு

எங்கள் வீட்டில் மன்னிப்பு என்ற சொல்லுக்கு வேலை கிடையாது. சண்டை அடங்கியதும் தப்பு யார் பேரில் என்று அவரவர் மனசுக்கே தெரிந்துவிடும். தெரிந்தவர் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஓர் இசைத்தட்டை உருவி, மெத்தென்ற மஞ்சள் துணியால் துடைத்து, ரெக்கார்டு பிளேயரின் மேல் வைக்க வேண்டும். எந்தத் தட்டு என்பதைச் சொல்வது மற்றவரின் உரிமை. துடைத்தாகிவிட்டால் சண்டை முடிந்தது. அப்புறம் பழசைக் கிளறக் கூடாது. கல்யாணமான புதிதில் இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தோம் என்பது இருவருக்குமே ஞாபகம் இல்லை. நான்தான் அதிகம் துடைத்திருக்கிறேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும். ஆனால் போவதற்குள் வாய் தன் கைவரிசையைக் காட்டியிருக்கும்.

சண்டை இல்லாத நாளிலும் சாயங்காலம் ஆனால் பாட்டு உண்டு. துடைப்பது யாராக இருந்தாலும் ஊசியை வைப்பது என் வீட்டுக்காரர்தான். அவர் சலூன் வைத்திருந்தவர். சவரக்கத்தி பிடித்த கை. சுழலும் தட்டில் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே மயிரிழை அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்குமே, அதில் ஒரு சின்னச் சத்தம்கூட வராமல் ஊசியை இறக்குவார். ஊசியைச் சுமக்கும் கையை மெல்ல ஏற்றி இறக்க அந்தப் பிளேயரிலேயே ஒரு லீவர் உண்டு. அதை அவர் தொட்டதில்லை. "அது கை இல்லாதவங்களுக்கு வச்சது" என்பார்.

ஊசியை வைப்பதற்கு முன் அவர் செய்யும் வேலை ஒன்று உண்டு. பிளேயரின் கை ஒரு நீண்ட மெல்லிய குழாய். முன் நுனியில் ஊசி; பின் நுனியில் உருண்டையாக ஓர் எடைக்குண்டு. முன்னால் ஊசி எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைப் பின்னால் இருக்கும் குண்டுதான் தீர்மானிக்கிறது. அந்தக் குண்டை அவர் இரண்டு விரலால் கீழிருந்து தாங்கி, லேசாகத் திருகி, ஒரு மூச்சு நேரம் பிடித்திருந்து விடுவார். ஆள் கழுத்தில் துணி கட்டுவதற்கு முன் டப்பென்று ஓர் உதறு உதறுவாரே, அதுபோல இதுவும் ஒரு பந்தா என்று நினைத்திருந்தேன்.

அந்த மனுஷன் ஒருநாள் கடையைத் தன்னோடு வேலை பார்த்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"கால் வலி. நின்னுக்கிட்டே இருக்க முடியல" என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "காலா வலிக்குது? வேலை செய்யத்தான் வலிக்குது. நானும்தான் நாள் பூரா குனிஞ்சு கிடக்கேன், நான் எந்த மூலையில போய் உக்காரட்டும்?" என்றேன். இன்னும் கொஞ்சம் சொன்னேன். சோம்பேறி என்ற சொல்லும் அதில் இருந்தது.

வழக்கமாக அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். சலூன்காரர் வாய்க்குக் கேட்கவா வேண்டும்! அன்று ஒன்றுமே பேசவில்லை. இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் சாயங்காலம் மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். "எந்தத் தட்டு?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார். "குண்டு தொங்கிப் போச்சு. ஊசி குதிக்குது. தட்டெல்லாம் பாழாயிடும்."

பிளேயரின் மூடியைச் சாத்தி, அதன் மேல் ஒரு மேசை விரிப்பையும் போட்டுவிட்டார். என் மன்னிப்பு கையிலேயே நின்றுவிட்டது. துணியை மடித்து அலமாரியில் வைத்தேன். துடைக்காத சண்டை தொண்டையில் சிக்கிய மீன் முள் மாதிரி; விழுங்கும்போதெல்லாம் இருக்கிறேன் என்கிறது.

அதற்கப்புறம் வீடு வீடாகவே இல்லை. சாயங்காலம் என்று ஒன்று வந்தது, பாட்டு வரவில்லை. எதிர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதும், மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பதும் கேட்கும். வெளியூரில் இருக்கும் மகள் போனில், "அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒரு ஸ்பீக்கர் வாங்குங்கம்மா, போன்லேருந்தே பாடும்" என்றாள். போனைத் துடைத்தால் யாருக்குடி கோபம் ஆறும் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் குற்றமாகவே பட்டது. டீ போட்டுக் கொடுத்தால் அப்படியே ஆற விடுவார். நான் கோப்பையைக் கழுவப் போகும்போது காலியாக இருக்கும். ஆனால் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. தாடி வேறு வளர்த்தார். அடுத்தவர் கன்னத்தில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தால் ஊரையே திட்டுகிற ஆள்! கேட்டால், "இப்ப இதுதான் ஃபேஷன்" என்றார். பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டு, மத்தியானம் ஆனால் நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். வீட்டில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. அவர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். ஆறிப்போன டீயை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. வாயைக் கோப்பைக்குக் கொண்டுபோனார். அப்படியும் கை நடுங்கி, டீ தளும்பித் தாடியில் வழிந்தது. தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

நான் சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கவில்லை. வந்த சுவடு தெரியாமல் தெருவுக்கு வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற பெண் கைக்குட்டை கொடுத்தாள். கண்ணில் தூசி என்று அவளிடம் பொய் சொன்னேன்.

எல்லாம் வரிசையாகப் புரிந்தது. பேப்பரைக் கையில் பிடித்தால் சரசரக்கும். நூலகத்தில் மேசையில் விரித்துப் படிக்கலாம். தாடி ஃபேஷனும் இல்லை, மண்ணும் இல்லை. தன் முகத்தில் கத்தி வைக்கத் தன் கையையே நம்பவில்லை. ஊசி குதிக்கிறது என்று மூடி வைத்ததும் இதனால்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இந்த முறை அந்தப் பழமொழியில் சிரிப்பு வரவில்லை.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். வாய் நீளமானவள்தானே நான்! ஆனால் கேட்கத் துணிவு வரவில்லை. ஒரு மனுஷன் அவ்வளவு பாடுபட்டு மறைக்கிறார் என்றால் அதில் அவர் மானம் இருக்கிறது. அவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றை அள்ளி மேலே போட்டேன். டீயை வைத்துவிட்டு, ஏதோ வேலை இருக்கிற மாதிரி அடுத்த அறைக்குப் போய்விடுவேன். சூடாகவாவது குடிக்கட்டும் என்றுதான்.

ஆனால் பாட்டை விட எனக்கு மனசில்லை. அவருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அது. என் மஞ்சள் துணிக்கும் வேறு போக்கிடம் இல்லை. கடைசியில் அந்த லீவர் ஞாபகத்துக்கு வந்தது. அவர் அலட்சியம் செய்த லீவர். முதலில் குண்டைச் சரி செய்துவிடுவது. பிறகு, ரிப்பேர் ஆன கையைக் கொஞ்ச நாளைக்கு விரலால் தொடக் கூடாது, லீவரால்தான் இறக்க வேண்டும் என்று சொல்லிவிடுவது. கொஞ்ச நாள் பழகிவிட்டால் அப்படியே இருந்துவிடும். அவர் கை நடுங்குவதும் யாருக்கும் தெரியாது. அவர் மறைப்பது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் பிரேம் வேலை செய்கிறேன். மூக்குத் தாங்கி மாற்றுவேன், காதுக் கம்பியை நிமிர்த்துவேன், கண்ணுக்கே தெரியாத திருகாணிகளோடு மல்லுக்கட்டுவேன். அதனால் என் விடுமுறை நாளில், அவர் நூலகத்துக்குக் கிளம்பியதும், பொடித் திருப்புளிகளை எடுத்துக்கொண்டு பிளேயரின் முன் உட்கார்ந்தேன். விரிப்பை எடுத்து, மூடியைத் திறந்தேன்.

குண்டு நிஜமாகவே தொங்கியது. நேராக இருக்க வேண்டிய வால் பக்கம், இருக்கை இறங்கிய பழைய சோபா மாதிரி கீழே சாய்ந்திருந்தது. குண்டைத் திருகிக் கழற்றினேன். அதைத் தாங்கும் குட்டித் தண்டு ஒன்று பிளேயரின் கைக்குள் செருகியிருந்தது, கீழே ஒரு திருகாணியின் பிடியில். தண்டுக்கும் கைக்கும் நடுவில் ஒரு ரப்பர் உறை. குண்டின் அதிர்வு ஊசிக்குப் போகாமல் இருக்க வைத்தது. திருகாணியைத் தளர்த்தி இழுத்தேன். ரப்பர் வரவில்லை. கறுப்பாக உருகிப்போய், வெயிலில் வைத்த மிட்டாய் மாதிரி விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஊசிப் பக்கத்து மெல்லிய கம்பிகள் இந்தப் பக்கம் வராததால் பிழைத்தேன். இல்லாவிட்டால் ரிப்பேர் செய்யப் போய்க் குடியைக் கெடுத்திருப்பேன்.

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து உள்ளே துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். தண்டின் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது. கையின் வாய் விளிம்பிலும் அதற்கு நேராக ஒரு தேய்மானம். உலோகம் உலோகத்தில் உரசி உண்டான பளபளப்பு. அது ஒரு நாளில் வராது, ஒரு வருஷத்திலும் வராது. கண்ணாடிகளில் பார்த்திருக்கிறேனே! வருஷக்கணக்காகத் தளர்ந்து ஆடிய கீல்தான் இப்படித் தேயும்.

அப்படியென்றால் இந்தக் குண்டு எப்போதோ தொங்கிவிட்டது. என் மகள் பள்ளிக்கூடம் போன நாளிலேயே தொங்கியிருக்கலாம். அவர் தினமும் இரண்டு விரலால் கீழிருந்து தாங்கி, லேசாகத் திருகி, ஒரு மூச்சு நேரம் பிடித்தாரே, அது பந்தா இல்லை. தொங்கும் குண்டை ஒவ்வொரு சாயங்காலமும் விரலால் நிமிர்த்தி, ஒரு பக்கம் பாடும் வரைக்காவது நிற்கிற இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். ஒரு நாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. இப்போது விரலுக்கு அது முடியவில்லை.

கூடம் கோணல்தான். அந்தக் கோணல் கூடத்தில்தான் மனுஷன் இத்தனை வருஷம் ஆடியிருக்கிறார். விரலில் ஒட்டிய கறுப்பை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு எழுந்தேன்.

தண்டையும் குண்டையும் ஒரு பழைய கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு மறுநாள் கடைக்குக் கொண்டுபோனேன். பிளேயரை மூடி விரிப்பைப் போட்டுவிட்டதால் அவருக்குத் தெரிய வழியில்லை. எங்கள் கடையின் முன்பாதியில் ஒரு கடிகாரக்காரர் உட்கார்ந்திருக்கிறார். எந்நேரமும் ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டியிருப்பதால் நாங்கள் அவரைப் பூதக்கண்ணாடி என்போம். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, கண்ணாடிக்குக் குண்டு வச்சுக் குடுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"உங்க வாய்க்கு வைக்கலாம்னு பாக்கறேன்" என்றேன்.

காதுக் கம்பிக்குப் போடுகிற குழல் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் குழல்தான், சூடு காட்டினால் சுருங்கிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். அதில் தண்டுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வெட்டிப் போட்டு, பிரேமை இளக்குகிற சூடான காற்றில் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கவ்வியது. போட்டுப் பார்க்கலாம் என்றால் தண்டு செருகும் துளை வீட்டில் இருந்தது. அதன் அளவைக் காகிதத்தைச் சுருட்டி எடுத்து வந்திருந்தேன். அந்தச் சுருளில் செருகிப் பார்த்தால் தளர்வாகத் தெரிந்தது. மேலே இன்னொரு குழல் போட்டுச் சூடு காட்டினேன். இப்போது காகிதச் சுருளுக்குள் பிடித்தமாக ஏறியது.

"வீட்டுக்காரர் கேட்டா, கொஞ்ச நாளைக்கு இதை விரலால தொடக் கூடாது, லீவர்லதான் இறக்கணும்னு நீங்க சொன்னதாச் சொல்வேன்" என்று பூதக்கண்ணாடியிடம் சொல்லி வைத்தேன்.

"எதுக்கு அப்படி?"

"பசை காயணும்னு வச்சுக்கங்க."

"நீங்க பசையே போடலையே!"

"உங்களை யாரு இதுல கேட்டா?" என்றேன். லென்ஸை மறுபடியும் கண்ணில் மாட்டிக்கொண்டார். அவரிடமிருந்து நான் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

அன்று கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி வீட்டுக்கு வந்தேன். அவர் இன்னும் நூலகத்திலிருந்து வரவில்லை. தண்டைச் செருகி, திருகாணியை முடுக்கினேன். அதிகம் முடுக்கினால் குழல் நசுங்கிவிடும், குறைத்தால் மறுபடியும் தொங்கும். யார் முகத்தில் கண்ணாடி ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் எனக்குப் பொறுக்காது. தரையில் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து நிமிர்த்தினேன். பிறகு குண்டை மாட்டி, முன்னும் பின்னுமாகத் திருகினேன். ஊசிப் பக்கம் விழுந்தது. பின்பக்கம் விழுந்தது. மறுபடி ஊசிப் பக்கம். கடைசியில் ஒரு திருகில் கை எந்தப் பக்கமும் விழாமல், யாரும் பிடிக்காமல், தட்டுக்கு மேலே அந்தரத்தில் அப்படியே நின்றது.

சந்தோஷத்தில் "ஏங்க!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அவர் வீட்டில் இல்லை என்பது உறைத்தது.

குண்டில் எண்கள் போட்ட வளையத்தைச் சுழியத்தில் வைத்து, ஊசிக்கு வேண்டிய அழுத்தத்துக்குத் திருகி வைத்தேன். லீவரையும் ஒரு முறை ஏற்றி இறக்கினேன். யாரும் தொடாததால் புதுசாகவே இருந்தது. மெல்ல, சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை மாதிரி இறங்கியது.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே திறந்திருந்த மூடியைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. கைகள் பைக்குள் போயின.

"குண்டைச் சரி பண்ணியாச்சு" என்றேன்.

"யாரு பண்ணது?"

"நான்தான்."

கிட்டே வந்து குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்து, வெட்டிய கிருதா இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பது போலவே பார்த்தார். "நேரா நிக்குதே" என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அது உடனே அணைந்தது. "ஊசியும் பழசுதான். பெல்ட்டும் தளர்ந்திருக்கும். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"ஊசி நல்லாத்தான் இருக்கு. லென்ஸ் வச்சுப் பாத்தேன். பெல்ட்டும் சுத்துது. ஒண்ணே ஒண்ணுதான், கொஞ்ச நாளைக்கு அந்தக் கையை விரலால தொடக் கூடாதாம். லீவர்லதான் இறக்கணுமாம். பசை காயணும்னு கடிகாரக்காரர் சொன்னார்."

அவர் மறுபடியும் குனிந்தார். நிதானமாகப் பார்த்தார். "இதுல பசையே இல்லையே. கீழ திருகாணிதானே பிடிக்குது."

அந்தப் பிளேயரைத் தினமும் தொட்டவரிடம் போய்ப் பசை என்று சொன்ன என் புத்தியை என்னவென்று சொல்வது!

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியும்" என்றார்.

தலையாட்டினேன்.

"எப்பலேருந்து?"

"டீ ஏன் ஆறுதுன்னு புரிஞ்ச நாள்லேருந்து."

பையிலிருந்து கைகளை எடுத்தார். மேசையின் மேல் வைத்தார். வலது கை அதிகமாகவும் இடது கை கொஞ்சமாகவும் நடுங்கின. எனக்கு அந்தக் கைகளை அள்ளி எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"கடைசியா உக்காந்தவருக்குக் காதுக்குப் பின்னாடி கத்தி ஒரு நூல் இறங்கிருச்சு" என்றார். "அவருக்குத் தெரியக்கூட இல்ல. ரத்தமும் வரல. ஆனா எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கே மடிச்சு வச்சிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கால் வலின்னு சொன்னதுக்கே அந்தப் போடு போட்ட. கை நடுங்குதுன்னு சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"அழுதிருப்பேன்" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். "நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"போயிட்டு வந்துட்டேன்."

"எப்ப?"

"நூலகத்துக்குப் போறேன்னு ஒருநாள். நரம்புல ஏதோ கோளாறு. உயிருக்கு ஒண்ணும் இல்லையாம். மாத்திரை குடுத்திருக்கார். கொஞ்சம் குறையும், முழுசாப் போகாதுன்னு சொன்னார். கத்திப் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன்."

எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. "தனியாவா போனீங்க? டாக்டர் என்ன சொல்வாரோன்னு அந்த பெஞ்சில தனியாவா உக்காந்திருந்தீங்க? நான் எதுக்கு இருக்கேன் இந்த வீட்ல, டீ ஆத்தவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கு மேல் திட்ட என்னால் முடியவில்லை. அலமாரியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தேன். "முதல்ல பழைய கணக்கை முடிக்கிறேன். சோம்பேறின்னு சொன்னேன்ல. எந்தத் தட்டு?"

அவர் யோசிக்கவே இல்லை. நீல உறை போட்ட தட்டைக் காட்டினார். உருவி, ஓரத்தை மட்டும் பிடித்து, அழுத்தமாக, வட்ட வட்டமாகத் துடைத்தேன். தட்டில் ஒரு கீற்றுத் தூசி இருக்கக் கூடாது என்று துடைத்தேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டைப் பிளேயரில் வைத்துச் சுழல விட்டேன்.

"சரி. லீவர்லயே போட்டுக்கலாம்" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. கைவிட்டவர் குரலில் சொன்னார். சொல்லிவிட்டு அந்த லீவரை நோக்கி விரலை நீட்டினார். நான் ஆசைப்பட்டதும் அதுதான், திட்டம் போட்டதும் அதற்குத்தான். ஆனால் அந்த முகத்தோடு அவர் அதைத் தொடுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"வேணாம், இருங்க" என்றேன்.

கல்யாணமான புதிதில் அவர் கடை மூலையில் உட்கார்ந்து அவர் சவரம் செய்வதை வேடிக்கை பார்ப்பேன். கத்தி பிடித்த கையின் சுண்டு விரல் மட்டும் ஆளின் கன்னத்தில் ஊன்றியிருக்கும். ஏன் என்று கேட்டதற்கு, "இதுதான் வேலை பாக்குது, மத்த விரலெல்லாம் கூட நிக்குது" என்றார். ஊன்ற ஓர் இடம் இருந்தால் கை நிற்கும். ஊசி வைக்கும்போது மட்டும் அவர் எதிலும் ஊன்றியதில்லை. அப்போது அவருக்குத் தேவைப்படவில்லை.

என் கையை முஷ்டியாக மடக்கிப் பிளேயரின் ஓரத்தில், ஊசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சுண்டு விரலை இங்க ஊனுங்க" என்றேன். "இது கன்னம்."

அவர் என் முஷ்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சவரம் பண்ணாத கன்னமா இருக்கே" என்றார்.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க."

சுண்டு விரலை என் விரல் முட்டியின் மேல் ஊன்றினார். அந்த நடுக்கம் என் கைக்குள் வந்தது, தோள்பட்டை வரை வந்தது. நான் கையை அசைக்கவில்லை. அவர் மற்ற இரண்டு விரலால் பிளேயர் கையின் ஊசிப் பக்கத்து நுனியைத் தூக்கினார். ஊசி தட்டுக்கு மேலே தடுமாறியது. பட்டது, கர்ரென்று ஒரு கீறல். சட்டென்று தூக்கிவிட்டார்.

"தட்டு போயிரும்."

"போனாப் போகுது. தட்டு என்ன, கழுத்தா? இன்னொரு தரம்."

மறுபடியும் ஊன்றினார். இந்த முறை பாரத்தை முழுசாக என் கைமேல் விட்டார். நடுக்கம் இருந்தது, ஆனால் அதற்கு நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஊசி இறங்கியது. மயிரிழை இடைவெளியில் எல்லாம் இல்லை. ஒரு பாட்டின் நடுவில், யாரோ பாதி வரி பாடிக்கொண்டிருக்கும்போது போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் குதிக்கவில்லை. குண்டு பின்னால் நேராக நின்றது. பாட்டு அறை முழுக்க வந்தது.

அவர் விரலை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் முடியும்வரை நாங்கள் அப்படியே நின்றோம். எனக்குக் குதிகால் வலித்தது, நானும் அசையவில்லை.

பக்கம் முடிந்ததும் என் முஷ்டியில் ஊன்றி அவரே ஊசியைத் தூக்கினார். தட்டை எடுத்துத் திருப்பினார். நான் அலமாரிப் பக்கம் திரும்புவதற்குள் என் தோளிலிருந்து மஞ்சள் துணியை உருவிக்கொண்டார்.

"அதான் துடைச்சாச்சே" என்றேன்.

"இந்தப் பக்கம் நான்."

"நீங்க எதுக்கு?"

"தனியாப் போனதுக்கு" என்றார்.

தட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு துடைத்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. துடைப்பதற்கு அது ஒன்றும் இடைஞ்சலாக இல்லை. துடைத்து முடித்துத் தட்டைப் பிளேயரில் வைத்தார்.

"எந்தப் பாட்டுலேருந்து வைக்கட்டும்?" என்று கேட்டார்.

"எங்க போய் விழுதோ அதுலேருந்து" என்று சொல்லி, முஷ்டியை மடக்கிப் பிளேயரின் ஓரத்தில் வைத்தேன்.